வீட்டுப் பேடா

முனிலட்சுமி பேசிவிட்டாள் என்ற செய்தியைச் சென்னப்பன் காலை எட்டு மணிக்குள் ஏழு பேருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பூனாவில் இருக்கும் மகன் சந்தோஷுக்கு மட்டும் இரண்டு தடவை. முதல் தடவை அழுகையில் பாதி வார்த்தை முழுங்கிப் போனதால் மறுபடி போட வேண்டியிருந்தது.

"பேடா கேட்டாடா உங்கம்மா. வாயத் தொறந்து, என்னையே பாத்து, பேடான்னு கேட்டா."

"அம்மாவுக்கு பேடா பிடிக்குமாப்பா?"

சென்னப்பன் போனை மறு காதுக்கு மாற்றினார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். பெண்டாட்டிக்கு எந்தப் பலகாரம் பிடிக்கும் என்று மனுஷனுக்குத் தெரியாது. யுகாதிக்கு ஒப்பட்டு, தீபாவளிக்குக் கஜ்ஜாயம், சந்தோஷ் ஓவன் வாங்கிக் கொடுத்த வருஷத்திலிருந்து பிறந்தநாளுக்குக் கேக் என்று எல்லாம் அவள் கையால்தான். சூடாக எடுத்து நீட்டுவாள். இவர் தின்றுவிட்டு, "இன்னும் ரெண்டு போடு" என்பார். நீ தின்றாயா என்று ஒரு நாளாவது கேட்டோமா என்று யோசித்துப் பார்த்தார். அப்படி எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"பிடிக்காமயா கேப்பா?" என்று சமாளித்துப் போனை வைத்தார்.

அவர் இப்படித் துள்ளியதற்குக் காரணம் இருந்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால் மத்திகிரியில் அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுச் சமையலறையில், களி கிண்டிக்கொண்டே முனிலட்சுமி சரிந்து விழுந்தாள். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் நாலு வாரம். மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் கஞ்சி இறக்கினார்கள். மிச்சமிருந்த இடது கையால் அவள் அதை இரண்டு முறை பிடுங்கி எறிந்தாள். வேறு வழியில்லாமல் அந்தக் கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது, பிடுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அவள் கட்டைப் பார்ப்பாள், பிறகு சென்னப்பனைப் பார்ப்பாள், மறுபடி கட்டைப் பார்ப்பாள். பன்னிரண்டு நாள் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

முழுங்கும் சக்தி கொஞ்சம் திரும்பியதும் டியூபை எடுத்துவிட்டு, டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். "கூழ் மாதிரி கெட்டியா, கொஞ்சம் கொஞ்சமா வாய் வழியா குடுங்க. அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க. எடை எறங்கியிருந்தா மறுபடி டியூப்தான், வேற வழியில்ல" என்றார். அன்றைக்கு ஆட்டோவில் ஏற்றும்போது சென்னப்பன் அவள் காதருகே குனிந்து சொன்னார்: "இனிமே உங்கையக் கட்ட விடமாட்டேன் லச்சுமி. சத்தியமா."

சத்தியம் பண்ணுவது சுலபம். வீட்டுக்கு வந்த பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. ராகிக் கஞ்சி, பருப்புச் சாதம், மசித்த இட்லி எல்லாம் உதட்டுக்கு வெளியேதான் நின்றன. முழு நாளைக்கு நாலைந்து ஸ்பூன் இறங்கினால் அதிகம். ஆறாம் நாள் காலை, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உனக்கு என்னாதான் வேணும்? சொல்லு லச்சுமி. எதுவானாலும் நான் செஞ்சு தரேன்."

அவள் உதடு கோணியது. கஷ்டப்பட்டு, நாக்கு புரளாமல், ஒரு வார்த்தை வந்தது.

"பேடா."

அதற்குப் பிறகுதான் அந்த ஏழு போன்.

பதினோரு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய், நல்ல கடையாகப் பார்த்து கால் கிலோ பேடா வாங்கி வந்தார். பாலில் மசித்து, கூழாக்கி, ஸ்பூன் நுனியில் எடுத்து நீட்டினார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கொஞ்சம் கெஞ்சினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "பேடா" என்றாள்.

இன்னொருவராக இருந்தால் அந்த இடத்தில் யோசித்திருப்பார். சென்னப்பனும் யோசித்தார், ஆனால் தனக்கு வேண்டிய திசையில் யோசித்தார். பேடாவை நீட்டிய பிறகும் பேடா என்கிறாள் என்றால், இது அவள் கேட்ட பேடா இல்லை. கடைப் பேடா. எதையும் கடையில் வாங்காத பொம்பளை. கேட்டது வீட்டுப் பேடா. அத்தோடு நான்தானே "செஞ்சு தரேன்" என்று வாயை விட்டேன்?

சென்னப்பனுக்குச் சமையலறை என்பது தண்ணீர் குடிக்கிற இடம், அவ்வளவுதான். ஆனால் நெருப்பு அவருக்குப் புதிதில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஃபர்னஸ் ஆப்பரேட்டர். கியர் சக்கரங்களை எண்ணூற்று ஐம்பது டிகிரியில் காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுக்கிற வேலை. உள்ளே எட்டிப் பார்த்து, இரும்பின் நிறத்தை வைத்தே சூடு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். எண்ணூற்று ஐம்பதை அடக்கினவனுக்கு இரண்டு லிட்டர் பால் எம்மாத்திரம் என்ற எண்ணம்.

பால் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. யூடியூப்பில் ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே கிண்டிக் காட்டியதைப் பார்த்து வாணலியை ஏற்றினார். தீயைப் பெரிதாக வைத்தால் சீக்கிரம் முடியும் என்று வைத்தார். அடி கருகி, வீடு முழுக்கத் தீய்ந்த நாற்றம். மறுநாள் சர்க்கரையை முன்னாலேயே கொட்டியதில் அது பல்லைப் பிடுங்கும் மிட்டாயாக ஆயிற்று. மூன்றாவது தடவை புளி கரைத்த பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் பாலை ஊற்ற, திரிந்து போயிற்று. கம்பெனிப் பழக்கம் விடுமா? சந்தோஷின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கோடு போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார். நாள், பால் அளவு, தீ, நேரம், முடிவு. முடிவுக் கட்டத்தில் மூன்று முறை சிவப்புப் பேனாவில் "ரிஜெக்ட்" என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். ஏலக்காயைத் தேடவே அரைமணி நேரம். அவள் எந்த டப்பாவிலும் பேர் எழுதி வைக்கவில்லை. அவளுக்கு எதற்குப் பேர்?

கூடமாட உதவிக்கு அடுத்த வீட்டு ஜோதியம்மாள் இருந்தாள். விழுப்புரம் பக்கத்திலிருந்து மகன் வேலைக்காக வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. காலையில் வந்து முனிலட்சுமியைத் துடைத்து, உடை மாற்றி, தலை வாரிவிட்டுப் போவாள்.

"அண்ணே, அக்கா தண்ணி ஊத்தும்போதும் பேடா, சீப்பு எடுத்தாலும் பேடாங்குது. கொழந்த மாரி ஆய்டுச்சு, பாவம்" என்றாள்.

"ஆசைம்மா. மனசுக்குள்ள அதே நெனப்பு" என்றார் சென்னப்பன், வாணலியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நாலாவது தடவையில் கை பழகிவிட்டது. சின்னத் தீ. ஓரத்தில் ஒட்டுகிற ஆடையைக் கரண்டியால் வழித்து வழித்து உள்ளே தள்ளுவது. ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்தை விட்டு நகராமல் கிண்டினார். பால் மஞ்சளேறி, கெட்டிப்பட்டு, ஒரு கட்டத்தில் வாணலியை விட்டுச் சுருண்டு எழுந்து வந்தது. இரும்பின் நிறம் மாறுகிற நேரத்தைப் பிடிப்பது போலவே அந்த நேரத்தைப் பிடித்துவிட்டார். சர்க்கரை, ஏலக்காய், இறக்கி ஆறவைத்து உருட்டியாயிற்று. வாயில் ஒன்றைப் போட்டதும் அவருக்கே நம்ப முடியவில்லை. தாளில் பச்சைப் பேனாவில் "ஓகே" என்று எழுதினார்.

கொஞ்சத்தை வெந்நீரில் குழைத்து எடுத்துக்கொண்டு போனார். முதுகுக்குத் தலையணை வைத்து அவளை நிமிர்த்தி, உதட்டில் தடவினார். பாதி உள்ளே போயிற்று. நாக்கில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கடைவாய் ஓரமாக அப்படியே வெளியே வழிந்தது. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"பேடா" என்றாள். "பேடா. பேடா."

"ஆமா தாயி, நான்தான் செஞ்சேன்" என்றார் சென்னப்பன், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிடித்துப்போய்த்தான் அழுகிறாள் என்று அந்தப் பைத்தியக்கார மனுஷன் நினைத்துக்கொண்டார். அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை மத்தியானம் முனிலட்சுமியின் தங்கை ருக்மணி ஆனேக்கல் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்தாள். அவள் வீட்டில் நாலு கறவை மாடு. நினைத்தபோது கிளம்ப முடியாது. ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தபோது அக்காவுக்கு மூச்சைத் தவிர வேறொன்றும் இல்லை. இப்போது பேச்சு வந்துவிட்டது என்று பாவா, அக்கா புருஷன், போனில் சொன்னதும், மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள்.

சென்னப்பன் சமையலறையில் பேடாவைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே அக்காளும் தங்கையும். ருக்மணியின் குரல் மட்டும் கேட்டது, கன்னடத்தில்.

"அக்கா, ஏனாதரு திந்தியா? ஸ்வல்ப கஞ்சி கொடலா?" ஏதாவது சாப்பிடறியா, கொஞ்சம் கஞ்சி குடுக்கட்டுமா.

"பேடா."

"ஏன் பேடா? ஸ்வல்பா..."

"பேடா."

சென்னப்பன் தட்டோடு வாசற்படிக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"கேட்டியா ருக்கு? காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இதே பாட்டுதான். பேடா, பேடா. இந்தா, நான் செஞ்சது, நீயும் ஒண்ணு எடு."

ருக்மணி தட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"பாவா, அக்கா பேடா கேக்கல" என்றாள் மெதுவாக. "பேட அன்த்தாளே. எங்க பாஷ. வேணாம்ங்கறா."

சென்னப்பன் நீட்டிய தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

அவருக்குத் தெரியாத வார்த்தையா அது? பக்கத்து ஃபர்னஸ் சிவராஜிடம் பதினெட்டு வருஷமாகத் தினம் டீ நீட்டினால், "பேட குரு, அசிடிட்டி" என்பான். பஸ்ஸில், காய்கறிக் கடையில், எங்கே திரும்பினாலும் காதில் விழுகிற வார்த்தை. ஆனால் அது வெளியே கிடக்கும் வார்த்தை. இந்த வீட்டுக்குள் வராது. வராமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

அப்போது சந்தோஷுக்கு இரண்டு வயது. தண்ணீரை "நீரு" என்றும் வேண்டுமென்றால் "பேக்கு" என்றும் மழலையில் சொல்லிக்கொண்டிருந்தான். பாரூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தபோது, "என்னாடா சென்னப்பா, உன் புள்ள கன்னடத்துலயே அழுவுது?" என்று சிரித்தார்கள். அவர்கள் போனதும் சென்னப்பன் சொன்னார்: "இனிமே வூட்டுல தமிழு மட்டும் பேசு. புள்ள கொழம்பிப் போவும்." ஒரே ஒரு தடவைதான் சொன்னார். முனிலட்சுமிக்கு ஒரு தடவை சொன்னால் போதும். அன்றிலிருந்து தங்கையோடு போனில் பேசுவதென்றால்கூட மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். கோபமாகப் போனதில்லை. துணி காயப்போடப் போவது போலத்தான் போவாள்.

"சின்னதுல பேசின பாஷ மட்டும் திரும்பி வந்துச்சாட்டம்" என்றாள் ருக்மணி. "அதுலயும் ஒரு வார்த்த."

அக்காவின் பக்கம் குனிந்து கேட்டாள். "மத்தே ஏனு பேக்கு அக்கா? ஏனு பேக்கு ஹேளு." வேறு என்ன வேணும், சொல்லு.

முனிலட்சுமி தங்கையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. தொண்டை அசைந்தது. முகத்தில் பாதி சுருங்கியது, பாதி சும்மா இருந்தது. எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது, கிடைக்கவில்லை என்றும் தெரிந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் பால் கறக்கும் நேரத்துக்குள் போகவேண்டும் என்று ருக்மணி கிளம்பினாள். அவளும் அரை மணி நேரம் கெஞ்சி, மூன்று ஸ்பூன் கஞ்சி இறக்கியிருந்தாள், அவ்வளவுதான். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அழுதாள். "அவ சின்னதுல இருந்தே அப்டித்தான் பாவா. ஏனு பேக்குன்னா வாயே தொறக்க மாட்டா. பேடான்னு மட்டும் சொல்லுவா."

ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சென்னப்பன் கட்டிலை விட்டு நகரவில்லை. இப்போது ஒரு வார்த்தையாவது புரிகிறதே, அதைப் பிடித்துக்கொண்டே அவளுக்கு வேண்டியதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. பரிசோதனை போல ஒவ்வொன்றாகக் கேட்டார். கஞ்சி? பேடா. தயிர்ச் சாதம்? பேடா. ஒப்பட்டு செய்யட்டுமா? பேடா. ஜன்னலைத் திறக்கட்டுமா? பேடா. மூடட்டுமா? பேடா. டிவி? பேடா. சந்தோஷை வரச் சொல்லட்டுமா என்று கேட்டபோது கொஞ்சம் தாமதித்தாள். அதற்கும் பேடாதான். லீவு போட வேண்டாம் என்கிறாளா, இந்தக் கோலத்தில் பார்க்க வேண்டாம் என்கிறாளா, யாரைக் கேட்பது?

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்கவேயில்லை. பதில் தெரியும். இன்னொரு கேள்வியும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் கூட இருக்கறது வேணுமா, வேணாமா? அதை முழுங்கிவிட்டார். பதினெட்டு வருஷம் நெருப்புக்கு முன்னால் நின்றவருக்கு அந்த ஒரு பதிலுக்கு முன்னால் நிற்கத் தைரியம் வரவில்லை.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் போட்டார். கடைசி வரியில் "ஓகே" என்று பச்சையில் இருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். இரண்டரைக் கிலோ குறைந்திருந்தது. டாக்டர் நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. நாக்கை அழுத்திப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், பிறகு சென்னப்பனைத் தனியே கூப்பிட்டார்.

"ஒடம்புல தண்ணி சத்தே இல்ல. இப்படியே விட்டா ஒரு வாரம் தாங்காது. இப்பவே டியூப் போட்ரலாம்."

"வேற ஏதாவது வழி..."

"இருந்தா சொல்ல மாட்டேனா?"

இருந்தால் சொல்லியிருப்பார். அது சென்னப்பனுக்கும் தெரிந்திருந்தது. பேப்பரை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டார்.

டியூப் போட வந்த சிஸ்டர் திருநெல்வேலிப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சிரித்த முகம். உறையைக் கிழித்து, டியூபை எடுத்து, முனையில் மருந்து தடவிக்கொண்டே குனிந்தாள். "அம்மா, கொஞ்ச நேரந்தான். கண்ண மூடிக்கிடுங்க, என்ன?"

முனிலட்சுமியின் கண் டியூபைப் பார்த்தது. இடது கை மெதுவாகப் போர்வைக்கு வெளியே வந்தது.

"பேடா."

"அட, அம்மா பேடால்லா கேக்காங்க!" சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம். "சமத்தா போட்டுக்கிட்டீங்கன்னா சார் கிலோ கணக்குல வாங்கித் தருவாங்க. அப்படித்தானே சார்?"

அந்த அறையில் அவள் சொன்னது புரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

"அவ கேக்கல சிஸ்டர்" என்றார் சென்னப்பன். "வேணாம்ங்கறா. கன்னடம். வேணாம்னு சொல்றா."

சிஸ்டரின் சிரிப்பு நின்றது. "யாரு சார் இத வேணும்னு சொல்லப் போறாங்க?" என்றாள் தணிவாக. பிறகு, மேலே வந்துகொண்டிருந்த அந்த இடது கையைப் பார்த்தாள். "கைய நீங்க பிடிச்சுக்கிடுதீங்களா சார்? இல்ல, கட்டிரட்டுமா?"

கட்ட விடமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தார்.

"நானே பிடிச்சுக்கறேன்" என்றார்.

இரண்டு கையாலும் அந்தக் கையைப் பிடித்தார். எலும்பும் தோலுமாக இருந்தாலும் அதில் இன்னும் பலம் இருந்தது. முறுக்கியது, இழுத்தது, விரல் விரலாக நழுவப் பார்த்தது. அவர் இன்னும் இறுக்கினார். டியூப் மூக்குக்குள் போகத் தொடங்கியதும் அவள் டியூபைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள்.

"பேட" என்றாள்.

நாக்கு புரளவில்லை, உதடு கோணியிருந்தது, இருந்தும் இந்தத் தடவை அந்த வார்த்தை அவருக்குத் துல்லியமாகக் கேட்டது. அவர் கையை விடவில்லை.